அளந்து கொள்க!

4 படி கொள்ளும் ஏனத்தில் 255 படி நெல்லைக் கொட்டுவார் எவரேனும் உளரோ? கொட்டினால் மிகுந்த நெல் தரையிற் சிந்தும், கொட்டியவனை ஊரார் எள்ளி நகையாடுவர், அவ்வளவே. ஆயின், ஆவணங்களையும் நூல்களையும் ஒளிப்படங்களையும் காத்துவைக்கவென்றே செய்யப்பெற்ற ஒரு கருவியின் உள்ளே, 4 அளவு கொள்ளும் கலத்தில் 255 அளவைக் கொட்டுதற்கு இடந்தந்த வழு ஒன்று, ஏறத்தாழ 18 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. அங்கே மிகுந்தது தரையிற் சிந்தவில்லை. அடுத்திருந்த கலங்களிற் புகுந்து, அவற்றுள் இருந்ததை அழித்து, வீட்டின் திறவுகோலையே வழிப்போக்கன் கையிற் கொடுக்கும் அளவிற்குக் கேடு விளைக்க வல்லதாய் இருந்தது.

தமிழ் காக்க வந்த இதழுக்குக் கணினியின் வழுவோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. இன்று நம் சுவடிகளும் அகரமுதலிகளும் அரிய நூற்படிகளும் தாளை விட்டு அக்கருவிகளுக்குட் குடியேறிக் கொண்டிருக்கின்றன. பொருளை வைத்த பேழையின் பூட்டு எத்தகையது என்று அறியாதவன், பொருளுக்கு உரியவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தகான்.

முதற்கண், அக்கருவி யாது என்பதைக் காண்போம். ஒரு சிறு பெட்டி. அதனுள் செய்திகளைப் பதித்துவைக்கும் வட்டுகள் இரண்டோ நான்கோ இருக்கும். அதனை ஒரு கணினியோடு மட்டும் பிணைக்காமல், வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகள் அனைத்திற்கும் பொதுவாக வலையத்தில் இணைத்துவிடுவர். யார் எந்த அறையில் இருந்தாலும் அதனுட் கோப்புகளை இடலாம், எடுக்கலாம். அதனை நாம் வலைவைப்பகம் என்போம். தோற்றத்தால் அது வெறும் பெட்டி. உண்மையில் அதுவும் ஒரு கணினியே. அதனுள்ளும் மென்பொருள் உண்டு. அம்மென்பொருளுக்கும் வாயில்கள் உண்டு. வாயில்தோறும் வருவோர்க்கு விடைசொல்லும் காவலன் ஒருவன் உண்டு. இதனை மறந்து, இரும்புப் பேழை போல் மூலையில் வைத்து ஆண்டுக்கணக்கில் திரும்பியும் பாராதிருப்பதே கேட்டின் முதற்படி.

இனி, வழு எத்தகையது என்று காண்போம். கணினியின் நினைவகம் நீண்டதொரு தெருவைப் போன்றது. அத்தெருவில் ஒரே அளவினவாய சிற்றறைகள் வரிசையாக அமைந்திருக்கும். கணினியார் பைட்டு என வழங்கும் அவ்வறையை இவ்வுரையில் எண்ணறை என வழங்குவோம். சுழியோ ஒன்றோ மட்டும் கொள்ளும் நுண்கூறுகள் எட்டு அதனுள் அடங்கும். எண் என்னும் சொல் எட்டையும் எண்ணிக்கையையும் ஒருங்கே குறித்தலின் அப்பெயர் அதற்குப் பொருந்தும். ஓர் எண்ணறையில் எழுதக்கூடிய எண்களுள் மிகப் பெரியது 255.

வெளியிலிருந்து வரும் செய்தியை உடனே உள்ளே கொண்டுசெல்லாமல், நடுவில் சற்றே வைத்துக்கொள்ளுதற்கென மென்பொருள் இத்தனை எண்ணறைகள் என்று ஓரிடத்தை ஒதுக்கிக் கொள்ளும். அவ்விடமே இடையகம். வந்த செய்தி ஒதுக்கிய இடத்தினும் மிகுதியாயின், அது வழிந்து அடுத்த அறைகளிற் புகும். இதனை இடையக வழிவு என்க. ஏரி நிறைந்தால் மிகுநீர் வெளியேறக் கலிங்கு அமைத்தனர் நம் முன்னோர். கலிங்கில்லா ஏரி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குட் பாயும். இடையகத்திற்குக் கலிங்கு இல்லை. கரையும் இல்லை. மென்பொருள் எழுதுவோன் தானே ஒரு சிறு ஆணையால் கட்டினாலன்றி, ஓர் இடையகத்திற்கும் அதன் அடுத்த அறைக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை.

அடுத்த அறைகளில் இருப்பது வெறுஞ் செய்தியாயின் அது கெடும், கருவி நின்றுபோகும், அம்மட்டோடு முடியும். ஆயின், அடுத்த அறைகளில் பெரும்பாலும் இருப்பவை, "இனி எங்குச் செல்லவேண்டும், எவ்விடத்தில் எழுதவேண்டும்" என்று கணினிக்கு வழிகாட்டும் எண்கள். திட்டமிட்டு மிகுதியாக அனுப்புகின்றவன், தன் செய்தியின் வால்பகுதியில் தனக்கேற்ற வழியை எழுதி அனுப்புவான். வழிந்த பகுதி பழைய வழிகாட்டியை அழித்துப் புதிய வழிகாட்டியாய் அமரும். அதன்பின் அக்கருவி உரியவன் சொற் கேளாது; வந்தவன் சொற் கேட்கும். கதவை உடைக்கவில்லை; கடவுச்சொல்லைத் திருடவில்லை. மிகுதியாகக் கொடுத்தான், அளவாமல் வாங்கிக்கொண்டது, வீடு அவனுக்கு உரியதாயிற்று!

மேலே சொன்ன 18 ஆண்டு வழுவை இனிக் காண்போம். ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகள் தம்முட் கோப்புகளைப் பகிர்ந்து கொள்ளுதற்குத் தமக்கென ஒரு நெறிமுறையைக் கொண்டிருந்தன. பிறவகைக் கணினிகளும் அந்நெறிமுறையிற் பேசுதற்காக, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தோன்றியது நெட்டாடாக்கு என்னும் மென்பொருள். பின்னர் அது தன்னார்வலர் பலர் கையில் வளர்ந்தது. எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். எவரும் அதன் ஆணைத்தொடரைப் படித்துப் பார்க்கலாம். ஆகவே வலைவைப்பகம் செய்து விற்கும் நிறுவனங்கள் பலவும் அதனை எடுத்துத் தம் பெட்டிகளுள் வைத்துக்கொண்டன.

அந்நெறிமுறையில் உரையாடல் தொடங்கும்போது, வருகின்ற கணினி தன்னைப் பற்றிய சில குறிப்புகளைத் தெரிவிக்கும். ஒவ்வொரு குறிப்பிலும் முதலில் அதன் வகை, அடுத்து அதன் நீளம், அதன்பின் குறிப்பு. அவற்றுள் ஒன்று, "எனக்கு அறிவிப்பு அனுப்புவதாயின் இத்துணை அளவிற்கு மேற்படாமல் அனுப்புக" என்னும் குறிப்பு. அதனைப் பதிந்துகொள்ள நெட்டாடாக்கு ஒதுக்கியிருந்தது 4 எண்ணறைகள். நீளத்தைச் சொல்லும் இடமோ ஓர் எண்ணறை. அதில் 255 வரை எழுதலாம். வந்தவன் 4 என்று சொன்னால் 4 எண்ணறைகளைப் படியெடுத்தது அம்மென்பொருள். வந்தவன் 255 என்று சொன்னாலோ, 255-ஐயும் அந்த 4 எண்ணறைக் கலத்தின் தலைமேற் கொட்டிற்று! தன் கலம் எத்துணை கொள்ளும் என்று அது தன்னையே ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. அளவைத் தெரிவிக்கும் குறிப்பிலேயே அளவு பார்க்க மறந்தனர் என்பது எண்ணி எண்ணி நோகத்தக்கது.

அக்கலத்திற்குச் சில எண்ணறைகளுக்கு அப்பாலேயே, "அடுத்து வரும் செய்தியை நினைவகத்தில் எங்கு எழுதவேண்டும்" என்று காட்டும் எண் இருந்தது. வழிந்த பகுதி அதனை மாற்றிவிட்டால், அடுத்த செய்தியை வந்தவன் தான் விரும்பிய இடத்தில் எழுதலாம். இவையெல்லாம் நிகழ்வது உரையாடலின் தொடக்கத்தில், "நீ யார்? கடவுச்சொல் யாது?" என்று காவலன் கேட்பதற்கு முன்னரே. 2018-ஆம் ஆண்டு தெனபிள் என்னும் கணினிக் காப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இதனைக் கண்டறிந்தார். அவ்வாண்டு திசம்பர்த் திங்களில் திருத்திய பதிப்பு வெளிவந்தது. கேட்டின் கடுமையைப் பத்துக்கு இத்துணை என்று மதிப்பிடும் பொது அளவுகோலில் இதற்குக் கிடைத்த மதிப்பு 9.8. சினாலசி முதலிய வைப்பக நிறுவனங்கள் தத்தம் பயனர்க்கு எச்சரிக்கை விடுத்தன.

இத்துணைக் கேட்டிற்கும் மருந்து யாதென்றால், "வந்த நீளம் என் கலத்தினும் மிகுதியோ?" என்று கேட்கும் ஓரிரு வரி ஆணையே. நெல் அளப்போன் மரக்காலின் வாயில் கோல்வைத்துத் தலைதட்டுகின்றானே, அந்தத் தலைதட்டல் ஒன்றே குறைவாக இருந்தது.

இது புதுவகைக் கேடும் அன்று. 1988 நவம்பர் 2-ஆம் நாள், இராபர்ட்டு தாப்பன் மாரிசு என்னும் கார்னெல் பல்கலைக்கழக மேற்பட்ட மாணவர் தானே பரவும் நிரல் ஒன்றை அன்றைய இணையத்தில் விட்டார். அது புகுந்த வழிகளுள் ஒன்று இடையக வழிவே. 512 எண்ணறை கொண்ட இடையகத்தில் அது 536 எண்ணறைச் செய்தியைக் கொட்டிற்று. மிகுதி 24 எண்ணறைகள்தாம்! ஏறத்தாழ 6,000 கணினிகள் அதனாற் பற்றுண்டன என்று அன்று மதிப்பிட்டனர். அக்காலத்து இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு. 1990-இல் அமெரிக்க முறைமன்றம் மாரிசைக் குற்றவாளியென முடிவுசெய்து, மூன்றாண்டுக் கண்காணிப்பும் 400 மணிநேரப் பொதுத்தொண்டும் 10,050 தாலர் ஒறுப்பும் விதித்தது.

அந்நிரலுக்கு வாயில் திறந்துவிட்டது, 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் தென்னிசு இரிட்சி உருவாக்கிய சி என்னும் கணினிமொழியின் ஓர் ஆணை. வரும் வரியை வாங்கிக் கலத்தில் இடுக என்பதே அவ்வாணை. கலத்தின் அளவைச் சொல்லுதற்கு அதில் இடமே இல்லை. 1988-இல் உலகமே கண்டு நடுங்கிய பின்னரும் அவ்வாணை அம்மொழியின் பொதுவரையறையினின்று நீக்கப்பெற்றது எப்பொழுது? 2011-இல்! கேடு விளைத்த ஒன்றைக் களைய 23 ஆண்டுகள் ஆயின. பழகிவிட்டோம் என்பதனாலேயே தீயதைச் சுமந்து திரிதல் மாந்தர்க்கு எல்லாத் துறையிலும் உள்ள நோய் போலும்!

வலைவைப்பகங்களிற் பரவலாகப் பயன்படும் சாம்பா என்னும் மற்றொரு மென்பொருளிலும் இதே வழு 2003-இல் வெளிப்பட்டது. கோப்பின் பெயரை வாங்கிவைக்க அதில் 1,024 எண்ணறை இடம் இருந்தது. பெயரின் நீளம் எவ்வளவு என்பதை, வந்தவன் சொன்னபடியே நம்பிப் படியெடுத்தது அது. அடையாளம் காட்டாத எவரும் கருவியின் தலைமை ஆளுகையைக் கைப்பற்றும் நிலை உண்டாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள் திருத்தம் வந்தது.

1988, 2003, 2018. பதினைந்து பதினைந்து ஆண்டு இடைவெளியில் மூன்று நிகழ்ச்சிகள். மூன்றிலும் வழு ஒன்றே: எவ்வளவு தருகின்றேன் என்று கொடுப்பவன் சொன்னான், எவ்வளவு கொள்வேன் என்று கொள்பவன் எண்ணவில்லை. அளவை முடிவுசெய்யும் உரிமையைக் கொள்வோன் கொடுப்போனிடம் விட்டுவிட்டான். இடையக வழிவென்னும் இந்நோயின் வேர் இதுவே.

இங்கே ஒரு வினா எழும். எவரும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடந்த ஆணைத்தொடரில் இவ்வழு 18 ஆண்டுகள் எவ்வாறு மறைந்திருந்தது? மறைந்திருக்கவில்லை என்பதே விடை. அது பட்டப்பகலில் தெருநடுவே கிடந்தது. பலரும் காணலாம் என்பது வேறு. பலரும் கண்டனர் என்பது வேறு. மென்பொருளை இலவயமாக எடுத்துப் பெட்டியில் அடைத்து விற்றவர்கள், "எழுதியவர்கள் பார்த்திருப்பார்கள்" என்றிருந்தனர். ஊதியமின்றி எழுதிய தன்னார்வலர்களோ, "எடுத்துப் பயன்படுத்துவோர் பார்ப்பார்கள்" என்றிருந்தனர். விலைகொடுத்து வாங்கியவர்கள், "விற்றவர்கள் பார்த்திருப்பார்கள்" என்றிருந்தனர். ஊர்ப்பொதுக் கிணற்றைத் தூர்வாரும் பொறுப்பு எவருடையது என்றறியாமல் அனைவரும் நீர் மொண்டு சென்ற நிலை இது. திறந்திருத்தல் நன்றே, ஐயமில்லை. திறந்திருந்ததனாலன்றோ வெளியார் ஒருவர் படித்துக் கண்டறியவும், கண்டதை மறைக்காமல் உலகிற்கு உரைக்கவும் இயன்றது! ஆயினும் திறப்பு காவலாகாது, பார்வையே காவல்.

திருத்தம் வந்துவிட்டாலும் இடர் தீர்வதில்லை. 2003 சனவரி 25-ஆம் நாள், மைக்ரோசாப்ட்டு நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளில் இருந்த இடையக வழிவு ஒன்றைப் பற்றிக்கொண்டு ஒரு நிரல் பரவியது. அதன் நீளம் 376 எண்ணறைகளே. இவ்வுரையின் ஒரு பத்தியினும் சிறியது. பற்றுண்ட கணினிகளின் தொகை தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இருமடங்காயிற்று. அமெரிக்காவில் பணம் வழங்கும் பொறிகள் நின்றுபோயின. இத்தனைக்கும் அவ்வழுவுக்கான திருத்தம் ஆறு திங்களுக்கு முன், 2002 சூலையிலேயே வெளிவந்திருந்தது. மருந்து வந்திருந்தது, உண்டவர் குறைவு.

நெட்டாடாக்கின் வரலாறும் 2018-ஓடு முடியவில்லை. நினைவக அளவு பாராத வழுக்கள் வேறு சில அதில் மீண்டும் கண்டறியப்பெற்று, 2022 மார்ச்சில் திருத்தம் வந்தது. அவ்வாண்டே வெசுட்டர்ன் டிசிட்டல் நிறுவனம் தன் வைப்பகங்களினின்று அம்மென்பொருளையே நீக்கிவிட்டது. 2013-இலேயே ஆப்பிள் நிறுவனம் கோப்புப் பகிர்வுக்கு வேறொரு நெறிமுறையை முதன்மையாக்கிக் கொண்டது என்பதை இங்கு நினைக்கவேண்டும். விருந்தினர் வருகை குறைந்த பின்னரும் அவர்களுக்கென வைத்த வாயிலை அடைக்காமல் விட்டிருந்தனர். பயனற்ற வாயில் திருடனுக்கே பயன்படும்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். யாம் அறிந்த தமிழ்க்கழகம் ஒன்றில், ஆண்டுகள் பல உழைத்து ஓலைச்சுவடிகளை ஒளிப்படமெடுத்து இத்தகைய பெட்டியொன்றில் வைத்துள்ளனர். சுவடிகளுட் சில அதன்பின் செல்லரித்துப் போயின, படங்களே எஞ்சின. அங்குச் சென்றிருந்தபோது, பெட்டியைக் காத்துவரும் இளைஞரிடம், "தம்பி, இதன் மென்பொருளைக் கடைசியாகத் திருத்திக்கொண்டது எப்பொழுது?" என்று கேட்டோம். "ஐயா, அது அவ்வப்போது ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். நான் 'பிறகு' என்பதை அழுத்திவிடுவேன்" என்றார் அவர். உழைப்பிற் குறையாதவர், தமிழ்ப்பற்றில் நம்மினும் மேம்பட்டவர். அவர்மேற் குற்றமில்லை. "உன் வீட்டுச் சுவர் விண்டிருக்கின்றது" என்று அறியாத மொழியிற் கூவினால், உறங்குவோன் எவ்வாறு விழிப்பான்? மூன்றாண்டு அறிவிப்புகளைப் 'பிறகு' என்னும் ஒரு சொல் விழுங்கியிருந்தது. பெட்டியைத் தவிர வேறெங்கும் படி இல்லை என்பதையும் அன்றே அறிந்து நெஞ்சு பதைத்தோம்.

"தமிழிற் சொன்னால் மட்டும் வழு அடைபடுமோ?" என்று எள்ளுவார் உளர். அடைபடாது. அதனை நேர்மையோடு ஒப்புகின்றோம். இடையகம் என்று தூயதமிழிற் பெயரிட்டுவிட்டு அளவு பாராமல் எழுதினால், தூயதமிழிலேயே வழிந்தோடும். தாக்க வருபவன் நம் மொழிப்பற்றைக் கண்டு திரும்பிப் போகான். பெயர் வைத்தல் காவலின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஆனால் தொடக்கம் அதுவே என்பதையும் மறுத்தற்கியலாது. இடருக்குத் தன் மொழியிற் பெயரில்லாதவன் அதனைப் பற்றி வீட்டிற் பேசான், பிள்ளைக்குச் சொல்லான், அடுத்தவனை எச்சரியான். அறிவு ஒரு சிலர் கையிலும், இடர் அனைவர் தலையிலுமாக நிற்கும்.

அன்றியும், கொள்வோனே அளக்கவேண்டும் என்னும் இந்நெறி தமிழனுக்குப் புதிதன்று. தமிழுக்கு வேற்றுச்சொல் வரலாகுமோ என்னும் வினாவிற்குத் தொல்காப்பியர் கதவடைத்து விடைகூறவில்லை. வரலாம், ஆனால் வடவெழுத்தை வாயிலில் விட்டுவிட்டுத் தமிழெழுத்தை ஏற்று வருக என்று வரம்பு கட்டினார். இன்ன எழுத்துகளே சொல்லின் முதலில் நிற்கும், இன்ன எழுத்துகளே இறுதியில் நிற்கும் என்று தலைவாயிலிலும் கடைவாயிலிலும் காவல் வைத்தார். அஃது அச்சத்தினால் வைத்த தடையன்று. தன் கலத்தின் அளவறிந்தவன் வைத்த தலைதட்டுகோல். வருகின்ற சொல்லின் செல்வாக்கைக் கண்டு மயங்கி, அதன் அளவிற்கேற்பத் தமிழை வளைத்தவர்கள் பின்னர் வந்தனர். மணிப்பவளம் என்னும் கலப்பு நடை, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட இடையகத்தின் வழிவன்றி வேறு யாது? அடுத்த அறைகளில் இருந்த எத்தனை தமிழ்ச்சொற்களை அது அழித்தது! தூயதமிழ் இயக்கம் கேட்பது கதவடைப்பையன்று. கதவடைத்த வைப்பகம் ஒருவர்க்கும் பயன்படாது. நாம் கேட்பது அளவுகோல். அதுவும் நம் கையில் இருக்கவேண்டிய அளவுகோல்.

ஆகவே, செய்யவேண்டுவன சிலவற்றைக் கூறுவோம். தமிழ்க்கழகங்களும் நூலகங்களும் ஆய்வாளரும் தம் வைப்பகம் எது, அதன் மென்பொருள் எந்தப் பதிப்பு என்று இவ்வாரமே பார்த்தெழுதி வைத்துக்கொள்க. திருத்தம் வந்தால் 'பிறகு' என்னாது உடனே ஏற்க. திருத்தம் தருவதைச் செய்தவரே நிறுத்திவிட்ட பழம்பெட்டியாயின் அதனை வலையத்தினின்று பிரித்தெடுக்க. பெட்டியை வெளி இணையத்திற்கு நேராகத் திறந்துவைக்கற்க. பயன்படுத்தாத வாயில்களைப் பெட்டியின் அமைப்புப் பகுதியிற் சென்று மூடுக. எல்லாவற்றினும் மேலாக, அரிய பொருளுக்கு இரண்டாவது படி ஒன்றெடுத்து, எந்த வலையத்தோடும் பிணைக்காமல் வேறோர் ஊரில் வைக்க. பெட்டி எத்துணை நல்லதாயினும் ஒற்றைப் படி என்பது காப்பன்று. அழிவிற்குத் தரப்பெற்ற தவணை.

கணினி பயிலும் தமிழ் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலிலும், வெளியிலிருந்து வரும் நீளத்தை நம்பாதீர்கள். உங்கள் கலத்தின் அளவோடு ஒப்பிட்ட பின்னரே கொள்ளுங்கள். அளவு மீறலைத் தானே தடுக்கும் இரசுட்டு போன்ற புதிய கணினிமொழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதைத் தமிழில் எழுதுங்கள். நெட்டாடாக்கு போன்ற பொதுமென்பொருள்களின் ஆணைத்தொடர் உலகோர் அனைவர்க்கும் திறந்து கிடக்கின்றது. 18 ஆண்டுகள் எவரும் பாராத வரியைப் பார்க்கும் கண், ஒரு தமிழ்ப்பிள்ளையின் கண்ணாக ஏன் இருத்தல் கூடாது? பிறர் செய்ததைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், பிறர் செய்ததன் வழுவைக் களைந்து கொடுக்கும் நாளிலேதான் உலக அவையில் நாம் ஒப்பவரிசையில் அமர்வோம். கருவியில் தோன்றும் எச்சரிக்கைகளைத் தமிழாக்கித் தருவதும் அத்தகைய தொண்டே. அரசும் பல்கலைக்கழகங்களும் கலைச்சொற் பட்டியலை அச்சிட்டு அடுக்கிவைப்பதோடு அமையாமல், அச்சொற்கள் கருவியின் முகத்தில் தோன்றுமாறு செய்க.

1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பெற்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதனவும் இருந்தன. அது பகைவர் செய்த கொடுமை. அதனை நாம் மறவோம். ஆயின், நாளை நம் சுவடிப்படங்கள் ஒரு பெட்டிக்குள்ளேயே ஓசையின்றி அழிந்தால், அங்கே தீயும் இராது, புகையும் இராது, எதிர்த்து நிற்க ஒரு பகைவன் முகமும் இராது. 4 கொள்ளும் கலத்தில் 255-ஐக் கொட்டவிட்ட ஒரு வரியும், அதனைத் திருத்த வந்த அறிவிப்பிற்கு நாம் சொன்ன 'பிறகு' என்னும் ஒரு சொல்லுமே எஞ்சியிருக்கும். அந்த இழப்பிற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவோம்?

தமிழன்பர்களே! அந்தச் சொல்லை இன்றே கைவிடுங்கள். வருவது சொல்லாயினும் செய்தியாயினும் வாயிலில் நிறுத்துங்கள்; நம் கோலால் அளந்து கொள்ளுங்கள். கொண்டதற்கு மறுபடி எடுத்து வையுங்கள்.

அளந்து கொள்க! அறிந்து காக்க! வாழ்க தமிழ்!